வெள்ளத்தை முந்தும் செய்தி

சென்னையின் தென்பகுதியில் வாழ்வோர் ஆண்டின் பெரும்பகுதியில் அடையாறு ஓர் ஆறு என்பதையே மறந்திருக்கிறோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அதனை நமக்கு நினைவூட்டியது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியினின்றும் வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் வெளியேறிற்று. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. ஏரியை விட்ட நீர் கரையோர மக்களை வந்தடையச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் செய்தி நீரை முந்திவிட வேண்டும்.

இதற்குத் துணை செய்யவல்லது 'பொருள்களின் இணையம்'. 1999-இல் கெவின் ஆஷ்டன் என்பார் இப்பெயரை வழங்கினார். மனிதர் மட்டுமன்றி, அளவுகோலும் தெருவிளக்கும் மதகும்கூடத் தம் நிலையைத் தாமே தெரிவிக்கும் ஏற்பாடு இது. இதன் உள்ளமைப்பு கோபுர நிலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-இல் வெளியிட்ட பரிந்துரை அதனை நான்கு அடுக்குகளாக வகுக்கிறது.

சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் அடியில் ஓர் அளவுகருவியைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். அது நம் செவிக்கு எட்டாத ஒலியை நீரை நோக்கி அனுப்புகிறது. எதிரொலி ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் திரும்புகிறது. வெப்பமான காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். ஆகவே போய்வந்த தூரம் 7 மீட்டர். நீர்மட்டம் மூன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. இதுவே முதல் அடுக்கு. அளப்பது ஒன்றே அதன் தொழில்.

இரண்டாவது, கொண்டுசெல்லும் அடுக்கு. சிறிய எண் ஒன்றை அனுப்பப் பெரிய கம்பித்தடம் வேண்டியதில்லை. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை, விதித்த வலிமைக்குள், தனி உரிமம் இன்றியே பயன்படுத்தலாம். 'லோரா' முறையில் இவ்வலைகள் சில கிலோமீட்டர் செல்லும். கருவியின் மின்கலமும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மாடி மேல் அமைந்த வாயிற்கருவி அச்செய்தியை வாங்கி இணையத்தில் சேர்க்கும்.

மூன்றாம் அடுக்கு பல கருவிகளின் அளவுகளைத் தொகுத்துச் சரிபார்க்கிறது. ஆற்றின் மேற்பகுதிக் கருவிகள் யாதொரு மாற்றமும் காட்டாதிருக்க, ஒன்று மட்டும் நொடியில் இரண்டு மீட்டர் உயர்வைக் காட்டினால், மிதந்துவந்த மரக்கிளை குறுக்கிட்டதோ என்று ஐயுறவேண்டும் அல்லவா? நான்காவதே பயன்பாட்டு அடுக்கு. எத்தெருவில் எவ்வளவு நீர் ஏறும், யாருக்கு அறிவிக்கவேண்டும் என்பன இங்கே முடிவாகும். 2015 வெள்ளத்திற்குப் பின்னர், பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் பிற கல்வி நிலையங்களுடன் சேர்ந்து உருவாக்கிய 'சி-ஃப்ளோஸ்' என்னும் வெள்ள முன்னறிவிப்பு முறை இவ்வகைப் பணிக்குரியது.

இவற்றைப் பிரித்து வைப்பானேன்? மயிலாப்பூரில் தபாற்பெட்டியில் இட்ட கடிதம் ரயிலில் போனாலும் விமானத்தில் போனாலும் எழுதியவர் தம் நடையை மாற்றுவதில்லை. தபால்காரரும் உறையைப் பிரித்துப் படிப்பதில்லை. அதுபோலவே ஒலிக்கருவிக்குப் பதில் ரேடார் கருவி வந்தாலும் மேலடுக்குகள் மாறவேண்டியதில்லை. செலவும் மிச்சமாகும். 2016-இல் திறன்மிகு நகரத் திட்டத்துக்குச் சென்னை தேர்வானபோது, பகுதிவாரி மேம்பாட்டுக்குரிய இடமாகத் தியாகராய நகர் கொள்ளப்பட்டது. அத்தகைய இடத்தில் தெருவிளக்குக்கு ஒன்று, வண்டி நிறுத்தத்துக்கு ஒன்று, மழைமானிக்கு ஒன்று எனத் தனித்தனி வலைகள் வேண்டா. ஒரே வலை மூன்றையும் சுமக்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கீழடுக்கு ஒன்று சாய்ந்தால் அதன்மேல் உள்ளவை யாவும் ஊமையாகிவிடும். 2015-இல் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. எல்லா அறிவையும் தொலைவிலுள்ள கணிப்பொறியிலேயே வைத்திருந்தால், மிகவும் தேவையான வேளையில் அது எட்டாது போகும்.

நம் கிராமத்து ஏரிகளில் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். கரைக்கு அபாயம் நேரும்போது அவர் கலெக்டரின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டே மேலே தகவல் அனுப்புவார். பாலத்தடிக் கருவிக்கும் அந்த அளவு அதிகாரம் தரவேண்டும். நீர் அபாயக் கோட்டைத் தொட்டதும், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள சங்கு ஒலிக்கவேண்டும். செய்தி செல்ல ஒன்றுக்கு இரண்டு வழிகள் வேண்டும். போலிச் செய்தி புகாதபடி காவலும் ஒவ்வோர் அடுக்கிலும் வேண்டும். பொய்யாக இருமுறை சங்கு ஊதினால், மூன்றாம் முறை யாரும் எழுந்திருக்கமாட்டார்.

நான்கு அடுக்குகளுக்கும் அப்பால் மனிதர் இருக்கிறார். பாலத்தடியில் அளந்த எண், கோட்டூர்புரத்துக் கரையில் ஒரு தாய் தன் பிள்ளைகளுடன் மேட்டுக்கு ஏறப் போதிய நேரத்துக்கு முன்னரே, அவளுக்குப் புரியும் தமிழில் வந்து சேர்ந்ததா? இவ்வமைப்பின் வெற்றியை அதைக்கொண்டே அளக்கவேண்டும்.