பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்...

சனிக்கிழமை விடியற்காலை ஈப்போவிலிருந்து காரைக் கிளப்பினால், பசியாறும் நேரத்திற்குள் கேமரன் மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். 1929-இல் தொடங்கிய போ தோட்டம், 1933-இல் தொடங்கிய பாரத் தோட்டம் ஆகியவற்றின் சரிவுகளில் நம்மவர்கள் பலருடைய பாட்டிமார் கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள். அதனால் நமக்கு அது வெறும் சுற்றுலா இடமல்ல.

தேநீர், ஸ்ட்ராபெரி, சுட்ட சோளம் எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்பது குதிரைதான். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா படங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு மலை என்றாலே குதிரை இருக்க வேண்டும். நம் நாட்டில் போர்ட்டிக்சன், பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரைகளிலும் குதிரைச் சவாரி உண்டு. மலையில் எங்கே, எந்த நாளில் சவாரி கிடைக்கும் என்பதை ஏறுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மேலே போய்த் தேடினால் பாதி நாள் நெரிசலிலேயே போய்விடும்.

இதை எழுதக் காரணம் என் தம்பி மகன். ஏழு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரையில், ஜப்பான் சிலிப்பரோடு அவனை ஏற்றிவிட்டோம். பக்கத்தில் பலூன் ஒன்று வெடித்தது. குதிரை துள்ளியது, பையன் சரிந்தான். சிலிப்பர் கழன்று, பாதம் சேணத்தின் கால்வளையத்துக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொண்டது. கயிற்றைப் பிடித்திருந்தவர் கையை விடாததால் நாலு அடியில் குதிரை நின்றது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அவர் கயிற்றை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

குதிரையிலிருந்து விழுவதைவிட, விழுந்தபின் கால் மாட்டி இழுபடுவதுதான் ஆபத்து. அதனால்தான் சவாரி செய்பவர்கள் சிறிய குதிகால் உள்ள மூடிய காலணி அணிகிறார்கள். குதிகால் வளையத்தில் தடுத்து நிற்கும், பாதம் உள்ளே போகாது. பள்ளிக்கூடக் காலணி கூட சிலிப்பருக்கு எவ்வளவோ மேல். பாதத்தின் முன்பகுதி மட்டும் வளையத்தில் இருக்க வேண்டும், குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். வளையம் பெரியவர் அளவில் தொங்கினால் சுருக்கித் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

அடுத்தது தலைக்கவசம். படத்தில் முகம் தெரியாது என்று கழற்றிவிடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தரவில்லை என்றால் பிள்ளையின் சைக்கிள் தலைக்கவசத்தைக் கொண்டு போங்கள். அது குதிரைச் சவாரிக்கென்று செய்ததல்ல என்றாலும் வெறுந்தலைக்கு அது மேல்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். நேர் பின்னாலும், மூக்குக்கு மிக அருகே முன்னாலும் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து ஓடிவரும் குழந்தையை அது உதைப்பது கோபத்தால் அல்ல, பயத்தால். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாக நெருங்க வேண்டும். காதுகள் பின்னால் ஒட்டிப் படிந்திருந்தால் அதற்கு எரிச்சல், அன்று சவாரி வேண்டாம். கைப்பேசியை நீட்டிக்கொண்டு முகத்துக்கு நேரே போகும் அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

எடை விஷயத்தில் நாம் தாராளமாக இருந்துவிடுகிறோம். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ மட்டக்குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 40 கிலோதான். அதன்மேல் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்காருவது அழகான படமாக இருக்கலாம், குதிரையின் முதுகுக்கு அது தண்டனை.

விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலோ, சேணத்தின் அடியில் புண் இருந்தாலோ, நொண்டி நடந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். 2015 விலங்கு நலச் சட்டப்படி வதைக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். புகாரைக் கால்நடைச் சேவைத் துறையிடம் கொடுக்கலாம்.

மலையில் இன்னொன்று: பிற்பகலில் மழை சட்டென்று இறங்கிவிடும். ஈரச் சரிவில் குதிரைக்கும் கால் வழுக்கும், ஆகவே காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விழுந்த பிள்ளை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாலோ ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. குதிரைச் சாணம் கலந்த மண்ணில் இழுப்புநோய்க் கிருமி இருக்கக்கூடும். சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

தம்பி மகன் இன்னும் ஏறுவதில்லை. போன விடுமுறையில் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, அதில் கேரட் துண்டை வைத்துக் குதிரைக்கு நீட்டினான். விரலை மடக்கக்கூடாது என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தான்.