உங்களுக்குத் தெரியுமா? பியானோவின் சுருதியைக் காப்பது மரத்தின் பிடி!

ஒரு பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 18 டன். ஆனால் அவற்றை இறுக்கி வைத்திருக்கும் ஆணிகளுக்கு நட்டும் இல்லை, பூட்டும் இல்லை. அவை பதிந்துள்ள மரக்கட்டையின் உராய்வு மட்டுமே அவற்றைத் திரும்பாமல் நிறுத்துகிறது.

• அந்தக் கட்டை பெரும்பாலும் மேப்பிள் போன்ற கடின மரம். ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள்.

• பல ஆண்டுகள் ஈரமும் வறட்சியும் மாறி மாறித் தாக்கினால் ஆணித் துளைகள் தளரும். இன்று சேர்த்த சுருதி சில நாட்களிலேயே இறங்கும்.

• துளையைச் சுற்றி நீர்போல் ஓடும் சயனோஅக்ரிலேட் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிடி பெரும்பாலும் திரும்பும். போதாவிட்டால், சற்றே தடித்த ஆணி. கட்டையே வெடித்திருந்தால் அதை மாற்ற வேண்டும்.

• நெடுநாள் இறங்கிக் கிடந்த சுருதி ஒரே சுற்றில் நிலைக்காது. கம்பிகளை இறுக்க இறுக்க ஒலிப்பலகை அமுங்கும். முன்பு சேர்த்தவை மீண்டும் இறங்கும். முதலில் தோராயமாக ஏற்றி, அடுத்த சுற்றில்தான் நுணுக்கமாகச் சேர்ப்பார்கள்.

சுருதி நிற்கவில்லை என்பதற்காகப் பழைய பியானோவைக் கைவிடாதீர்கள். முதலில் ஆணிகளின் பிடியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.