உஷார்! ‘ஓட்டம் கம்மி’ என்று சொல்லித்தான் தலையில் கட்டுவார்கள்

“தம்பி, 18 வருஷ ஸ்போர்ட்ஸ் கார். ஆனா ஓட்டம் வெறும் 32,000. டாக்டர் வீட்டு வண்டி, ஷெட்டை விட்டு வெளியவே வந்ததில்ல.” தரகர் இதில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் சட்டைப்பையில் இருக்கும் அட்வான்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள்.

நம் விழுப்புரம் மாவட்டத்து அவலூர்பேட்டையில் ஏது ஸ்போர்ட்ஸ் கார் என்று சிரிக்க வேண்டாம். ஷோரூம் கிடையாதுதான். ஆனால் செஞ்சி, மேல்மலையனூர், சேத்துப்பட்டு பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் நாலு காசு பார்க்கிறார்கள். பள்ளிக்கூட நாளில் பத்திரிகைப் படத்தில் பார்த்து ஏங்கிய வண்டி இன்றைக்குச் சில லட்சத்துக்குப் போன் திரையில் வந்து நிற்கிறது. ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், மிட்சுபிஷி லான்சர், சீடியா, ஃபியட் பாலியோ 1.6, பழைய ஹோண்டா சிட்டி விடெக், ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். 2000-களில் நம் ரோட்டில் காலை அழுத்தி ஓட்டியவனுக்கு இவைதான் ஸ்போர்ட்ஸ் கார். இன்னும் கொஞ்சம் பை கனத்தவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பிஒய் நம்பர் போட்ட பழைய பிஎம்டபிள்யூ, பென்ஸ், போர்ஷே. புதுச்சேரி நமக்கு எட்டிவிடும் தூரம்தானே.

நம்மூர் சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் தரகர் சொல்லும் வயதைக் காதில் வாங்குவதே இல்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்க்கிறார். அதே மனிதரின் மகன் கார் வாங்கப் போனால் டேஷ்போர்டில் தெரியும் எண்ணைப் பார்த்துவிட்டு மயங்கிப்போகிறான். அந்த எண்தான் முதல் பொறி.

முன்பு மீட்டரைக் குறைக்க வேண்டுமானால் டேஷ்போர்டைக் கழற்றி, சக்கரத்தைப் பின்னால் சுற்ற வேண்டும். இப்போது லேப்டாப்பும் ஒரு கேபிளும் போதும். டீ ஆறுவதற்குள் 1,40,000 என்பது 40,000 ஆகிவிடும். இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் 1972-லிருந்தே மீட்டரில் கைவைப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அங்கேயே ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டரோடு கைமாறுகின்றன என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிடுகிறது. இங்கே ஏமாந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மோசடி என்று புகார் கொடுக்கலாம். மீட்டரைக் குறைத்தது யார், மூன்றாவது ஓனரா, தரகரா, கடைக்காரரா என்று நிரூபிப்பதற்குள் வண்டி துருப்பிடித்துவிடும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிரேக் பெடலின் ரப்பரைக் குனிந்து பாருங்கள். 32,000 ஓடிய வண்டியில் அந்த வரிகள் கூர்மையாக நிற்க வேண்டும். வழுக்கையாகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகம், பளபளவென்று புத்தம் புதிதாக மாட்டியிருந்தாலும் சந்தேகம். டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு, ஸ்டியரிங்கில் கட்டைவிரல் படும் இடம், கியர் குமிழ் எல்லாம் மீட்டருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். 2000-க்குப் பிந்தைய பல ஐரோப்பிய வண்டிகளில் கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் என்று வேறு இடங்களிலும் பதிவாகும். டேஷ்போர்டில் மாற்றியவன் அங்கெல்லாம் மாற்ற மறந்திருப்பான். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மீட்டர் சொல்வது சத்தியமாகவே உண்மை என்று வையுங்கள். 18 வருஷத்தில் 32,000-தான் ஓடியிருக்கிறது. அப்படியானால்தான் நீங்கள் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும்!

ரப்பருக்கும் எண்ணெய்க்கும் கிலோமீட்டர் தெரியாது, வருஷம்தான் தெரியும். டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டேவியா 1.8 டர்போ, பாலியோ 1.6, பழைய சிட்டி விடெக், லான்சர் எல்லாமே பெல்ட் வைத்த இன்ஜின்கள். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்பதுதான் பெல்ட் விஷயத்தில் பொது விதி. ‘எது முதலில் வருகிறதோ’ என்பதை விற்கிறவர் சொல்லவே மாட்டார். ஷெட்டில் நின்றபடியே பெல்ட்டின் உள்பக்கம் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். வாங்கிய கையோடு திருவண்ணாமலை ரோட்டில் நாலாயிரம் ஆர்பிஎம்மில் மிதித்தால் பெல்ட் அறுந்து, வால்வுகளும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி, இன்ஜின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். வண்டியின் விலையை அந்த ரிப்பேர் பில் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. பேர்பெற்ற வண்டிகளும் இதற்கு விலக்கில்லை. ஃபெராரி 355-இல் பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே கழற்றிக் கீழே இறக்க வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை அதைச் செய்தே ஆக வேண்டும். 1990-களின் கடைசியில் வரத் தொடங்கிய போர்ஷே பாக்ஸ்டர், 911 வண்டிகளில் இன்ஜினுக்குள் ஒரு சிறிய பேரிங் நொறுங்கி இன்ஜினையே பலிவாங்கும் கதை உலகப் பிரசித்தம். எண்ணெய் மாற்றாமல் சும்மா நிறுத்தி வைத்த வண்டிகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது என்று போர்ஷே மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

இன்ஜின் போனால் பணத்தோடு முடிந்தது. பிரேக் போனால்? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டப்பாவைப் புதிதாகத் திறந்த டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் இறங்கும்போதோ, ஜவ்வாது மலையிலிருந்து வேகமாகத் திரும்பும்போதோ டிஸ்க் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி குமிழிட்டு, மிதித்த பெடல் நேராகத் தரைக்குப் போகும். ஸ்போர்ட்ஸ் காரை யாரும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டப் போவதில்லை. அதனால்தான் சாதாரணக் குடும்பக் காரைவிட இதில் பராமரிப்பு உயிர்ப் பிரச்சினை.

டயரையும் பாருங்கள். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று விற்கிறவர் காசை வைத்துக் காட்டுவார். நீங்கள் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு, டாட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1109 என்று இருந்தால் 2009-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அதில் 120-இல் போவது தற்கொலை. சில டயர்களில் அந்த எண் உள்பக்கச் சுவரில்தான் இருக்கும். அப்போது வண்டிக்கு அடியில் குனியக் கூச்சப்படாதீர்கள்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, பம்ப், இன்ஜெக்டர், பழைய ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றாகத் தின்னும். போதாததற்கு எலி. கிராமத்து ஷெட்டில் ஆறு மாதம் நின்ற காரில் வயர் கடிபடாமல் இருந்தால் அது அந்த வீட்டுப் பூனையின் கைங்கர்யம்.

சரி, அதிகம் ஓடிய வண்டி நல்ல வண்டியா? அப்படியும் சொல்லவில்லை, எல்லாம் பராமரிப்பைப் பொறுத்தது. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966-இல் ஒரு வால்வோ பி1800எஸ் வாங்கினார். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அதே காரில் 2013-இல் 30 லட்சம் மைல், அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டு உலக சாதனை படைத்தார். மந்திரம் ஒன்றுமில்லை: தவறாமல் எண்ணெய் மாற்றினார், சின்னச் சத்தம் கேட்டால் அன்றைக்கே பார்த்தார். அவர் வண்டியை நம்மூர்த் தரகர் விற்க நேர்ந்தால் முதல் வேலையாக மீட்டரைத்தான் குறைத்திருப்பார்! ஆனால் இர்வ் கார்டனைப் போல எல்லோரும் பார்த்துக்கொள்வதில்லை. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஓடியிருந்து ஒரு பில்கூட இல்லாத வண்டியும் விஷம்தான். கிளட்ச், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் புஷ், டர்போ எல்லாம் ஒரே சமயத்தில் வாய் பிளக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், ஒரு கட்டு பில்லோடு வரும் 1,20,000 ஓடிய வண்டியை, பில்லே இல்லாத 30,000 ஓடிய வண்டிக்கு முன்னால் எடுப்பேன்.

பில் என்றால் கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் ஒரே பேனாவில் எழுதி வரிசையாகக் குத்திய முத்திரை அல்ல. அது அச்சகத்திலும் கிடைக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் பதிவைக் கேளுங்கள். பெல்ட், வாட்டர் பம்ப் எந்தத் தேதியில் மாற்றியது என்று பாருங்கள். ஃபோர்டு 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை அடுத்த ஆண்டு மூடப்பட்டது. மிட்சுபிஷி, ஃபியட் கார்களும் இப்போது இங்கே விற்பனையில் இல்லை. அவற்றின் பழைய பதிவை எங்கே தேடுவது, ஒரு ஹெட்லைட் உடைந்தால் எங்கே வாங்குவது என்பதை வாங்குவதற்கு முன்னால் விசாரித்துவிட வேண்டும்.

இன்னொரு வகை வண்டி இருக்கிறது. வெள்ளத்தில் குளித்தது. 2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில், 2024-இல் ஃபெஞ்சல் புயலில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கார்கள் மூழ்கின. ஃபெஞ்சலில் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. முழு நஷ்டம் என்று காப்பீட்டு நிறுவனம் எழுதித்தள்ளும் வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. அவற்றில் சில கழுவித் துடைத்து, சீட் உறை மாற்றி, வாசனைத் தைலம் தெளித்துத் திரும்பவும் சந்தைக்கு வந்துவிடும். மணக்க மணக்க இருக்கும் பழைய காரை நம்பாதீர்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்புநிறச் சேற்றுக்கோடு படிந்திருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா பாருங்கள்.

காகிதத்துக்கு வருவோம். 15 வயதான காரின் ஆர்சியைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இறக்குமதி காருக்கு 40,000. 20 வயது தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000, இறக்குமதி என்றால் 80,000. எஃப்சி தேறாவிட்டால் அந்தப் பணமும் வீண். பிஒய் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். என்ஓசி வேண்டும், இங்கேயும் சாலை வரி கட்ட வேண்டும். “அதெல்லாம் பாத்துக்கலாம்ணே, எல்லாரும் பிஒய்லதான ஓட்டறாங்க” என்று சொல்கிறவர் வாகனச் சோதனையில் உங்கள் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. எம்பரிவாஹன் செயலியில் நம்பரைத் தட்டினால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது என்பது ஒரு நிமிஷத்தில் தெரியும். மீட்டர் என்ன சொன்னாலும், இன்சூரன்ஸ் ஆறு வருஷம் விட்டுப்போயிருந்தால் வண்டி அத்தனை காலம் எங்கே நின்றது என்று கேளுங்கள்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் வண்டியைப் பாருங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், தரகர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பேசிய விலைக்கு மேல் கால்வாசிப் பணமாவது பெல்ட், டயர், பிரேக் ஆயில், கூலன்ட் என்று முதல் மாதத்திலேயே போகும் என்று எடுத்து வைத்திருங்கள். அது கையில் இல்லையென்றால் வண்டியைத் தொடாதீர்கள். லிஃப்ட்டில் ஏற்ற விடமாட்டேன், இன்னிக்கே அட்வான்ஸ் போட்டால்தான் கிடைக்கும், பெங்களூர் பார்ட்டி காத்திருக்கு என்று அவசரப்படுத்தினால், பெங்களூர் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.