கழுத்துப் பிடிப்பா, ஒற்றைத் தலைவலியா?

முதலில் பிடரி இறுகும். தோள்பட்டை கனக்கும். கொஞ்ச நேரத்தில் ஒருபக்க மண்டை தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, குமட்டும். ஊத்தங்கரைப் பக்கமிருந்து பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பலர் இதை மெஷினில் குனிந்ததால் வந்த பிடிப்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தைலம், மெடிக்கலில் ஒரு மாத்திரை, அடுத்த ஷிஃப்ட்.

பாதி சரிதான். முகத்திலும் மூளையுறையிலும் எழும் வலியைக் கொண்டுவரும் நரம்பும் மேல்கழுத்து நரம்புகளும் மூளைத்தண்டையொட்டி ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அதனால் தோள் தசையின் இறுக்கம் தலைவலியைக் கிளறலாம். ஒற்றைத் தலைவலியே தன் வருகையைக் கழுத்தில் முதலில் காட்டவும் செய்யலாம். வலி வந்த அன்றைக்கு, தூக்கிச் செய்யும் வேலையில் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். சூப்பர்வைசர் கண்ணுக்கு அது சோம்பல்.

மாத்திரையில்தான் வில்லங்கம். பாராசிட்டமால் போன்றவற்றை மாதம் 15 நாளோ, கலவை வலி மாத்திரைகளை 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதும் வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. இடி விழுந்ததுபோல் திடீர் வலி, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது என்றால் யோசிக்காமல் 108.

மற்றபடி, வலி வந்த தேதியையும் போட்ட மாத்திரையையும் காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து உண்டு. தோளுக்கு இயன்முறைப் பயிற்சியும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதுவும் அடக்கம்.

கம்பெனியிடம் கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. நின்றே வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார இருக்கை தருவது தொழிற்சாலையின் சட்டக் கடமை. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால், கான்ட்ராக்ட் ஆளுக்கும் இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு; தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றோடு எடுக்கும் லீவுக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஒற்றைத் தலைவலியோ 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவது! இந்த விதியை எழுதியவருக்கு அது வந்ததில்லை போலும். பணம் கிடைத்த ஒரு லீவு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி முடங்கினால் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. ஒவ்வொரு முறையும் சான்றிதழ் வாங்கி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.