கியர்ப்பெட்டி வாங்குமுன் ஒயிலைப் பாருங்கள்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய பிக்கப்பில் மரக்கறி விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, வண்டி நின்றால் அடுப்பும் எரியாது. ஓட்டோ கியர் பிந்தி மாறுகிறது, வழுக்குகிறது என்றதும் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப் பழைய கியர்ப்பெட்டி வாங்கிக் கடன்படாதீர்கள். முதலில் கியர் ஒயிலைப் பார்ப்போம்.

பல பழைய பிக்கப்புகளில், எஞ்சின் சூடேறியபின் சமதரையில் ஹாண்ட்பிறேக் போட்டு, பிறேக்கை மிதித்தபடி கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி, 'பி'யில் விட்டு, எஞ்சின் ஓடும்போதே அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

குறைந்திருந்தால் கசிவு உண்டு. அதை அடைத்து, வண்டிக்குரிய ஒயிலை அளவாக ஊற்றுங்கள். சிவப்பாயிருந்தால் நல்லது. கறுத்துக் கருகல் மணம் வந்தால், உள்ளே கிளச் தட்டுகள் தேய்ந்திருக்கும். பால்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது, ஓட்டாதீர்கள்.

ஒயில் சரியென்றால், அக்சிலேற்றரிலிருந்து கியர்ப்பெட்டிக்குப் போகும் கேபிள் பிசகியிருக்கலாம். அதைச் சரிசெய்வது சிறு வேலை. இவற்றைப் பார்த்தபின் கராஜுக்குப் போவோம்.