பூனையின் காதில் காபித்தூள்

பெரிய மார்க்கெட்டின் மீன் கடைகளைச் சுற்றியும், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் தெருக்களிலும் திரியும் புதுச்சேரிப் பூனைகளில் ஒன்று எப்படியும் ஏதாவதொரு வீட்டுக்குள் வந்து குடியேறிவிடும். வந்த குட்டி ஓயாமல் காதைச் சொறிகிறதா, தலையை உதறுகிறதா? காது மடலைப் பின்னால் மடித்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே ஈரக் காபித்தூள் போலக் கறுப்பாக அப்பியிருந்தால், அது பெரும்பாலும் காது உண்ணியின் வேலை. குறும்பியும் காய்ந்த ரத்தமும் உண்ணியின் கழிவும் கலந்த கசடு அது. கொஞ்சம் எடுத்துக் கறுப்புத் தாளில் தட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் நகர்வது தெரியும்.

இந்த உண்ணிக்கு ஓட்டோடெக்டஸ் சைனாட்டிஸ் என்று பெயர். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலைத் துளைக்காமல் மேலாகவே மேயும். முட்டை முழு உண்ணியாக வளர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அந்த அரிப்பு எப்படிப்பட்டது என்று அறிய, ராபர்ட் லோபஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பூனைக் காதிலிருந்து எடுத்த உண்ணிகளைத் தம் காதிலேயே விட்டுக்கொண்டார். உடனே சுரண்டும் சத்தம் கேட்டது; இரவில் நடமாட்டம் கூடித் தூக்கம் போயிற்று. 1993இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் அதை எழுதினார். மனிதக் காதுக்கே இந்தப் பாடு. 64 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் பூனை என்ன பாடுபடும்!

எல்லாமே உண்ணி அல்ல. நாற்றமும் மஞ்சள் சீழும் இருந்தால் பாக்டீரியா. பிசுபிசுப்பான பழுப்புக் குறும்பி என்றால் ஈஸ்ட் பூஞ்சை இருக்கலாம். சொறிந்து சொறிந்து மடலுக்குள் ரத்தம் கட்டி உப்புவதும் உண்டு. தலை ஒரு பக்கம் சாய்ந்து, பூனை தள்ளாடினால் உட்காது பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

தயவுசெய்து காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள், பட்ஸ் விடாதீர்கள். பூனையின் காதுக்குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கம் திரும்புகிறது. பட்ஸ் கசடை அந்தத் திருப்பத்துக்குத்தான் தள்ளும். செவிப்பறை கிழிந்திருந்தால், நமக்கு வாங்கிய சொட்டு மருந்தே பூனையின் கேட்கும் திறனைப் பறிக்கக்கூடும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரில் தனியார் மருத்துவர்களும் உண்டு. கருவி வைத்துச் செவிப்பறையைப் பார்த்த பிறகே மருந்து தருவார்கள். உண்ணி என்றால், பிடரியில் விடும் செலமெக்டின் சொட்டு பெரும்பாலும் போதும். வீட்டிலுள்ள மற்றப் பூனை, நாய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் திரும்பத் தொற்றும். சொறிவது நின்றதும் மருந்தை விட்டுவிடாதீர்கள், முட்டைகள் இன்னும் பொரிக்காமல் இருக்கும்.