நாடி பிடிச்ச பொண்ணு

போன ஞாயித்துக்கிழமை டல்லாஸ்ல எங்க அபார்ட்மெண்ட் லாண்ட்ரி ரூம்ல ஒருத்தர் என் நாடி பார்த்தாங்க மக்களே. பார்த்தவருக்கு வயசு பதினேழு :-) கீழ்வீட்டுப் பொண்ணு, ஹைஸ்கூல்ல பன்னிரண்டாவது. கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசா ஒரு நிமிஷம் எண்ணி, நோட்டுல 92-ன்னு எழுதிக்கிச்சு. "மாடிப்படி இறங்கி ஓடி வந்தீங்களா அண்ணா?"ன்னு விசாரணை வேற. நர்ஸ் எய்ட் பரீட்சைக்குப் பயிற்சியாம்.

டெக்சஸ்ல தொழிற்கல்வி எடுக்கிற பசங்க, பள்ளிக்கூடத்துல இருக்கும்போதே தொழில்துறை ஒத்துக்கற சான்றிதழ் வாங்கலாம். வெல்டிங், ஆட்டோ மெக்கானிக், அழகுக்கலைன்னு பட்டியல் நீளம். நர்ஸ் எய்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி. அதுல 40 மணி நேரம் முதியோர் இல்லத்துல நேரடி வேலை. குளிப்பாட்டணும், ஊட்டிவிடணும், படுக்கை மாத்தணும். தேறினா மாநிலப் பதிவேட்டுல பேர் ஏறும்.

அந்தப் பொண்ணோட அண்ணனும் சான்றிதழ் வாங்கினவன்தான். ஏதோ ஆபீஸ் சாப்ட்வேர் பரீட்சை. இப்ப ஒரு கிடங்குல பெட்டி தூக்கறான். அந்தக் காகிதத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலையாம்.

இது ஏன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். 2018-ல இங்க பள்ளி மாவட்டங்களுக்கு ஏ-லருந்து எஃப் வரைக்கும் கிரேடு போட ஆரம்பிச்சாங்க. மாணவர் வாங்குற சான்றிதழும் அந்தக் கணக்குல சேரும். 2019-ல வந்த சட்டம், பரீட்சைக் கட்டணத்தை மாநிலமே ஈடுகட்டவும் வழி பண்ணுச்சு. நல்ல எண்ணம்தான். ஆனா 40 மணி நேரம் முதியோர் இல்லத்துக்கு அனுப்புறது சுலபமா, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சு ஒரு பரீட்சை எழுத வைக்கிறது சுலபமா? கிரேடுக்கு ரெண்டும் ஒண்ணுதானே! அப்புறம் மாநிலக் கல்வித்துறையே பட்டியலைச் சலிச்சுது. அதுக்கான பாடங்களையும் படிச்சிருக்கணும்னு விதி இறுக்குச்சு.

நம்மூர்ல கதை வேற மாதிரி. எங்க பெரியம்மா பையன் பிளஸ் டூ-ல தொழிற்கல்வி குரூப், ஜெனரல் மெஷினிஸ்ட். லேத்துல நின்னான்னா கை பேசும். கோயம்புத்தூர்ல வேலை கேட்டுப் போனா, "ஐ.டி.ஐ. இருக்கா தம்பி?"ன்னாங்க. ரெண்டு வருஷம் மறுபடி அதே லேத்தைப் படிச்சான். இங்க பள்ளிக்கூடம் நீட்டுற காகிதத்தை முதலாளி பார்க்கல, அங்க கத்துக்கிட்ட கையையே பார்க்கல.

வர்ற சனிக்கிழமை அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை. அதுக்குள்ள இன்னொரு தடவை நாடி பார்க்கணுமாம். அழுக்குத்துணி இருக்கோ இல்லையோ, புதன்கிழமை லாண்ட்ரி ரூமுக்குப் போகணும். இந்தத் தடவை மெதுவா இறங்கி.